கல்யாணத்துக்கு அப்பா வந்தாரா?

நாவல் எழுதும் நாட்களில் நான் காதல் நாவல் எதையும் தொடுவதில்லை. சொன்னால் வாசகிகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காதல் கதை எழுதுகிறவள் காதல் கதையாகப் படித்துத் தள்ளுவாள் என்று ஒரு நினைப்பு. அல்வாக் கடைக்காரர் வீட்டில் மூன்று வேளையும் அல்வாவா சாப்பிடுகிறார்கள்?

காரணம் எளிமையானது. படித்தால் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது நாவல் எழுதும்போது பிரதிலிபியில் ஒரு தொடரை ராத்திரி ராத்திரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் நாயகன் செல்லூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தால் அவன் கோட்டு போட்டுக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, யாரையோ வேலையை விட்டுத் தூக்கிக்கொண்டிருக்கிறான். செம்புக் கம்பி சுற்றுகிற கையில் எப்படி அந்தக் கைக்கடிகாரம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அன்றோடு விட்டேன்.

நான் மாத நாவல் எழுதுகிறவள். இதுவரை 22 வந்திருக்கின்றன. பகலில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். காலை நாலரைக்கு எழுந்தால் ஆறரை வரை எழுதலாம். அதற்குப் பிறகு குக்கர், டிபன் பாக்ஸ், பஸ். படிப்பதெல்லாம் பஸ்ஸிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வார விடுமுறை நாளிலும்தான். ஆகவே “எழுதும்போது என்ன படிப்பீங்க?” என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. இந்த 23ஆவது நாவலின்போது அந்தப் பட்டியல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அதற்கு முன்னால் எரிந்துபோன ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வானம் பார்த்து உட்கார வேண்டிய பூமி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள்தான் எங்கள் வீட்டின் முதல் நாவல் வாசகி. அக்கா படிப்பாள், அம்மா கேட்பாள். மேலூர் வாடகை நூலகத்திலிருந்து அக்கா எடுத்துவரும் ரமணிசந்திரன் நாவல்கள், லக்ஷ்மி நாவல்கள், அட்டை கிழிந்த மாத நாவல்கள். புளி கொட்டை எடுத்துக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ அம்மா கேட்பாள். நாயகன் கோபமாகப் பேசினால், “இவன் கெடக்கான், மேல படி” என்பாள்.

1998இல், அக்காவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்த ஒருவரோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அவர் வேறு சாதி. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் அந்த மீதி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அப்பாவுக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. “இந்தக் கதப்பொஸ்தகம் படிச்சுத்தான்டி இப்பிடி ஆனா” என்று நான்கு நாவல்களை வெந்நீர் அடுப்பில் போட்டார். அவர் கொல்லைப் பக்கம் போனதும் அம்மா ஒன்றை வெளியே இழுத்துப்போட்டாள். பாதி எரிந்திருந்தது. அட்டையும் கடைசி முப்பது நாற்பது பக்கங்களும் போய்விட்டன. அப்போது எனக்கு வயது பதின்மூன்று. ஒரு மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம், அம்மா அதை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். கதை பாதியில் நின்றது.

“அப்பறம்?”

“இல்லம்மா, எரிஞ்சுபோச்சு.”

“அப்பறம் என்ன ஆயிருக்கும்?”

நான் அவசரமாக ஏதோ சொன்னேன். சந்தேகம் தீர்ந்தது, கல்யாணம் ஆகிவிட்டது, சந்தோஷமாக இருக்கிறார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: “கல்யாணத்துக்கு அவுக அப்பா வந்தாகளா?”

“வந்தாரும்மா.”

நான் சொன்ன முதல் கதை அதுதான். அதன் முடிவு பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

*

அமெரிக்காவில் காதல் நாவலாசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. எது காதல் நாவல் என்பதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகள் இரண்டே இரண்டு. காதல்தான் கதையின் மையமாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எனக்கு வேலை தரும் மாத இதழின் ஆசிரியர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: “மேடம், அழுகைய யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க.”

இதை நான் கேலி செய்ய மாட்டேன். பதினெட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வரும் ஒருத்தி, படிக்கிற ஒரு மணி நேரத்திலாவது ஒரு ஆண் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க விரும்பினால் அது தப்பா? தமிழில் இந்த வாசிப்புக்கு ஒரு நீண்ட வம்சம் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் தன் முதல் நூலை எழுதும்போது அவருக்குச் சரளமாக எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தது ஒரு தோழி. அவர்தான் பிறகு ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி 115 நாவல்கள் எழுதினார். ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார். இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொன்னால் சிரிப்பு வரும். வீடுகளில் அவர் புத்தகம் தலையணைக்கு அடியில் இருக்கும்.

என் சங்கடம் வேறு. என்னுடைய 22 நாவல்களிலும் காதலர்களுக்கு நடுவே நிற்கும் தடை எப்போதும் ஒரு தப்பெண்ணம். அவள் யாரோடோ பேசுவதை அவன் பார்த்துவிடுகிறான். ஒரு கடிதம் கை மாறிப்போகிறது. பணத்துக்காகத்தான் வந்தாள் என்று மாமியார் நினைக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் உண்மை தெரிகிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது. நாயகனுக்கும் நாயகிக்கும் வைக்கும் பெயரை நான் மூன்று தடவை யோசிப்பேன். ஊர், சாதி எதுவும் தெரியாத பெயராக இருக்க வேண்டும். நிவேதா, ஆகாஷ், வர்ஷினி. அக்காவைத் துரத்தியது எதுவோ அதற்கு என் நாவல்களில் நுழைய அனுமதியே இல்லை.

23ஆவதில் அதை உள்ளே விடலாம் என்று முடிவு செய்தேன். நாயகி ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். நாயகன் அவனியாபுரத்தில் இருந்து லோடு ஆட்டோ ஓட்டுபவன். இரண்டு பேரும் வேறு சாதி, அதைக் கதை ஒளிக்காது. முடிவு மட்டும் மனநிறைவாக இருக்க வேண்டும். அது ஒன்றைத்தான் நிபந்தனையாக வைத்துக்கொண்டேன். எட்டு அத்தியாயம் வரை ஓடியது. ஒன்பதாவதில் நின்றது. அப்பா எப்படிக் கல்யாணத்துக்கு வருவார்?

*

அந்த இரண்டு மாதமும் நான் படித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரங்கள். இது என் பழைய வழக்கம். ஒரு பாத்திரத்தை நான்கு வரியில் சொல்ல அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வயது, உயரம், நட்சத்திரம், சம்பளம், சொந்த வீடு. இந்த முறை “சாதி தடையில்லை” என்று போட்டிருப்பவற்றை மட்டும் வெட்டி ஒட்டினேன். பாதிக்கு மேல் அந்த வரிக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு “தவிர” இருந்தது. யாரைத் தவிர என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்து, நீதிமன்றச் செய்திகள். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் வார விடுமுறை நாளில் போய் உட்கார்ந்து பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். கோகுல்ராஜ் வழக்கை முதலிலிருந்து படித்தேன். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் வேறு சாதித் தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி. கடத்தப்பட்டார். ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. என் கடையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த மாதம் நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று நோட்டைப் பார்த்தேன். கொடைக்கானலில் ஒரு தேனிலவு.

அந்தச் செய்திகளில் என்னை நிறுத்தியது கொலை பற்றிய விவரங்கள் இல்லை. சாட்சிகளில் சிலர் பிறழ்ந்துபோனதும், கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சாட்சியமானதும்தான். மனிதர்கள் பேசாத இடத்தில் ஒரு கருவி பேசியிருக்கிறது. பிறழ்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது, இறையனார் அகப்பொருள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கழகப் பதிப்பு. இதைப் படிக்க எனக்கு ஒரு தனி உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்வேன், மதுரைக்காரி என்பதால். அதன் உரையில் வரும் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருடம் பஞ்சம். அரசன் புலவர்களை “என்னால் காப்பாற்ற முடியாது, பிழைத்துக் கிடந்தால் திரும்பி வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்ததும் ஆள் விட்டுத் தேடுகிறான். எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர் கிடைக்கிறார்கள். பொருள் தெரிந்தவர் மட்டும் கிடைக்கவில்லை. அரசன் கலங்குகிறான். அப்போது ஆலவாய்ப் பெருமான் மூன்று செப்பிதழில் 60 நூற்பாக்களை எழுதிப் பீடத்துக்கு அடியில் வைக்கிறார். எதைப் பற்றி? காதலைப் பற்றி. முதல் 33 களவு, மீதி 27 கற்பு. பன்னிரண்டு வருடப் பஞ்சம் முடிந்த ஊருக்குச் சாமி எழுதிக் கொடுத்த முதல் புத்தகம் காதல் இலக்கணம்! ‘இதெல்லாம் ஒரு எழுத்தா’ என்று யாராவது என்னைக் கேட்டால் மனதுக்குள் இந்தக் கதையைச் சொல்லிக்கொள்வேன்.

அதற்கு உரை சொல்லப் புலவர்கள் சண்டை போடுகிறார்கள். எது சரியான உரை என்று தீர்மானிக்க உட்காரவைக்கப்படுவது உருத்திரசன்மன், வாய் பேசாத ஐந்து வயதுப் பையன். ஒவ்வொருவராக வாசிக்க அவன் சும்மா இருக்கிறான். மதுரை மருதன் இளநாகனார் வாசிக்கும்போது சில இடங்களில் கண்ணீர் வருகிறது, மெய் சிலிர்க்கிறது. நக்கீரர் வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் அப்படி ஆகிறது. அதுதான் தீர்ப்பு. எழுத்துத் தெரியாத ஒருவர் கேட்டு அழுவதுதான் உரைகல் என்று இந்த ஊர் எப்போதோ முடிவு செய்திருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் சங்கத்தார் சன்னதியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

சங்கப் புலவர் பட்டியலில் எனக்குப் பிடித்த பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. ஜவுளி வியாபாரி. பகலில் துணி விற்றுவிட்டு அகப்பாட்டு எழுதியிருக்கிறார். கடையில் பாவாடைத் துணி அளந்துகொண்டே தலைவியைப் பற்றி யோசித்திருப்பார். பில் கவுண்ட்டரில் எனக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு தைரியம்.

அகப்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. காதலர்களின் பெயரைச் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அட, நாமும் சாதி தெரியாத பெயர்தானே வைக்கிறோம் என்று. இரண்டு நாள் கழித்துத்தான் வித்தியாசம் உறைத்தது. அவர்கள் பெயரை மறைத்தார்கள், யாராக இருந்தாலும் பொருந்தட்டும் என்று. நான் மறைத்தேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று.

*

நான்காவதாகப் படித்தது குறிஞ்சிப்பாட்டு. பள்ளிக்கூடத்தில் 99 பூக்களின் பெயர் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்த அதே பாட்டு. கபிலர் எழுதியது, 261 அடி. பூக்களைத் தாண்டி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த முறை மாட்டுத்தாவணி பஸ்ஸில் நின்றுகொண்டே உரையைப் படிக்கும்போது ஒரு சின்னக் கேள்வி வந்தது. இந்த 261 அடியையும் பேசுவது யார்?

தலைவி இல்லை. தலைவனும் இல்லை. தோழி.

பெண் மெலிந்துபோகிறாள். வளர்த்த தாய் சாமி கேட்கிறாள், குறி கேட்கிறாள், நோய் பிடிபடவில்லை. அப்போது தோழி முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். தினைப்புனம் காத்தோம், அருவியில் குளித்தோம், பூப் பறித்தோம், அவன் வந்தான், நாய்களிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பாற்றினான், இவள் மனம் அவனிடம் போய்விட்டது, அவன் நல்லவன். கோபம் வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறாள். இலக்கணத்தில் இதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி பெற்ற தாயிடம், பெற்ற தாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். தந்தையும் தமையனும் அதைக் குறிப்பால் உணர்வார்கள் என்கிறது தொல்காப்பியம். அப்பா மனம் மாறுவதற்கு முன்னால் மூன்று பெண்கள் வாய் திறந்திருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. நான் இறங்கவில்லை.

என் 22 நாவல்களிலும் இல்லாத ஆள் யார் என்று அப்போது தெரிந்தது. நாயகிக்குத் தோழி இருப்பாள். கேலி செய்வாள், காபி குடிப்பாள், ஸ்கூட்டியில் இறக்கிவிடுவாள். ஒருத்தியாவது வீட்டுக்குள் வந்து, பெரியவர்கள் முன்னால் நின்று, “அவ செஞ்சது தப்பில்ல” என்று சொன்னதில்லை. எல்லாம் தானாகச் சரியாகும் என் கதைகளில். தானாக எதுவும் சரியாகாது என்று நன்றாகத் தெரிந்த வீட்டிலிருந்து வந்தவள் நான்.

அக்கா போகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். மூன்று நாள் முன்னால் என்னிடம் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அப்பா கேட்டபோது “தெரியாதுப்பா” என்றேன். அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. அது அவளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தைக் கொடுத்தது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்தைய இருபத்தியொரு வருடங்களைப் பற்றி. வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் அப்பா என்னைக் காட்டி, “எனக்கு ஒரே மக” என்பார். நான் டீ கிளாஸ் வைத்த தட்டோடு நிற்பேன். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒரு தடவைகூட, “இல்லப்பா, ரெண்டு” என்று நான் சொன்னதில்லை. மேலூரில் நின்றிருந்தால் பரவாயில்லை, மதுரைக்கு வந்து, சம்பளம் வாங்கி, என் பெயர் அட்டையில் அச்சாகி, காதலைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிய பிறகும் சொல்லவில்லை. 2019இல் அப்பா போய்ச் சேர்ந்தார். அக்கா திருப்பூரிலிருந்து வந்து பந்தலின் ஓரத்தில் நின்றாள். அழுதுகொண்டிருந்த பெண்களில் சிலருக்கு அது யார் என்றே தெரியவில்லை.

*

ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். நாயகிக்கு ஒரு தங்கையைக் கொடுத்தேன். பதின்மூன்று வயது. அவள் டீத் தட்டோடு வந்து நிற்கிறாள். அப்பா விருந்தாளியிடம் “எனக்கு ஒரே மக” என்கிறார். அவள், “இல்லப்பா, ரெண்டு” என்கிறாள். அறை விழுகிறது. மறுநாள் அம்மா வாய் திறக்கிறாள். பிறகு அத்தை. இப்படியே மூன்று அத்தியாயம். கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிறது. அம்மாவும் தங்கையும் போகிறார்கள். அப்பா வரவில்லை. அதுதான் நேர்மை என்று நினைத்தேன். கோகுல்ராஜ் வழக்கைப் படித்துவிட்டு அப்பாவை மாலையோடு கொண்டுவந்து நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். என் எல்லா நாவல்களையும் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக்காட்டுவேன். அவள்தான் என் உருத்திரசன்மன் என்று சொன்னால் “அது யாருடி?” என்பாள். இரண்டு ராத்திரி வாசித்தேன். தட்டை ஏந்தி நிற்கும் இடத்தில் அவள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டாள்.

“அவுக அப்பா?”

“வரலம்மா.”

“ஏன்?”

“நெசத்துல வரமாட்டாங்கல்லம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசத்துல வராத மனுசன் கதையிலயாச்சும் வந்துட்டுப் போனா என்னத்தா கொறஞ்சிரும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் முன்பு ஆசிரியர் சொன்னதும் இதுவும் ஒன்றில்லை என்று தெரிந்தது. அவருக்கு வேண்டியது அழுகை இல்லாத முடிவு. அம்மா கேட்டது, இருபத்தியாறு வருடமாக அவளுக்குக் கிடைக்காத ஒன்றை. 1998இல் நான் “வந்தாரும்மா” என்று சொன்னதும் இப்போது சொல்லப்போவதும்கூட ஒன்றில்லை. அன்றைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. இந்த நாவலில் மூன்று பெண்கள் அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு அத்தியாயம் எழுதினேன். கல்யாணம் முடிந்து ஏழு மாதம். வளைகாப்பு. அவனியாபுரத்து வீட்டில் பந்தி நடக்கிறது. தெருமுனையில் அப்பா நிற்கிறார். தங்கை போய்க் கூப்பிடுகிறாள். அவர் வீட்டுக்குள் நுழைகிறார், யாரையும் பார்க்காமல் நாற்காலியின் நுனியில் உட்காருகிறார். அங்கே முடித்தேன். நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன்.

அம்மாவுக்கு வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“கை நனைச்சாகளா?”

எங்கள் பக்கத்தில் வருவது பெரிய விஷயம் இல்லை. வந்து சாப்பிடுவதுதான் பெரிய விஷயம். சம்பந்தம் வேண்டாம் என்கிற வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

“நனைச்சாரும்மா” என்றேன்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.